புதுப்பிப்பு: மெயின் எஞ்சின் கரும்புகை, காரணம் கிடைத்தது

கப்பலில் எல்லா சிலிண்டரிலும் எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறிக் கிடக்கிறது, எண்ணெயைத் தெளிக்கும் நாசிலை மாற்றியும் கரும்புகை நிற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போசார்ஜரைக் கழுவச் சொன்னீர்கள். கழுவினோம், பலனில்லை.

வில்லன் விஸ்கோமீட்டர், அதாவது எரிபொருள் எண்ணெயின் பிசுபிசுப்பை அளக்கும் கருவி. அதன் அழுத்தக் குழாயில் கசடு அடைத்து, முள் 12 சென்டிஸ்டோக்கிலேயே (பிசுபிசுப்பின் அலகு) நின்றுவிட்டது. கன்ட்ரோலர் அதை நம்பி, எண்ணெயைச் சூடாக்கும் நீராவியைக் குறைத்திருக்கிறது. ஹீட்டர் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 118 டிகிரிதான்! நாங்கள் எரிப்பது 380 ரக எண்ணெய், அதாவது 50 டிகிரியில் 380 சென்டிஸ்டோக். அது தேவையான 13-க்கு இறங்க 135 டிகிரி பக்கம் போக வேண்டும். 118-ல் கிட்டத்தட்ட 20.

"ஏழெட்டு சென்டிஸ்டோக் என்ன செய்துவிடும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நிறையச் செய்யும். நாசிலை விட்டுப் பீறிடும் எண்ணெயின் மேற்பரப்பில் எழும் சிற்றலைகள்தான் அதைத் துளிகளாகக் கிழிக்கின்றன. பிசுபிசுப்பு கூடினால் அந்த அலைகள் அடங்கிவிடும். துளி பெரிதாகும், தெளிப்பு குறுகி நீளும், பிஸ்டன் தலையில் போய் ஒட்டும். துளியின் விட்டம் இரட்டித்தால் அதே அளவு எண்ணெய்க்கு ஆவியாகும் பரப்பு பாதிதான். எரிதல் தாமதமாகி, வெப்பம் எக்ஸாஸ்ட்டில் போய்ச் சேரும்.

அதற்காகக் கண்டபடி சூடேற்றவும் கூடாது, எண்ணெய் நீர்த்துப் பம்பில் கசிவு கூடும். டீசல் போன்ற இலகுவான கேஸ் ஆயிலுக்கு மாறும்போது பிரச்சினையே தலைகீழ்: 2 சென்டிஸ்டோக்குக்குக் கீழே போகாமல் குளிர்விக்க வேண்டும்.

குழாயைச் சுத்தம் செய்தாயிற்று, புகை தெளிந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு வாட்ச்சிலும் (பணி முறை) வெப்பத்தையும் விஸ்கோமீட்டரையும் வெப்பம்-பிசுபிசுப்பு சார்ட்டோடு ஒப்பிட்டுக் குறிக்கிறோம்.