தரைமூடி: நிலத்தை மூடி வளரும் பல்லாண்டுத் தாவரங்களுக்கு ஒரு பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

தோட்டக்கலையில் 'கிரவுண்ட்கவர்' என்று வழங்கும் தாவர வகைக்கு நிலப்போர்வை, மூடுபயிர், படர்செடி ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இம்மூன்றையும் பொடுதலை என்னும் செடிக்குப் பொருத்திப் பார்த்தேன்; எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஆகவே 'தரைமூடி' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

ஏரிக்கரையிலும் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக வளரும் பொடுதலையைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோர் நன்கு அறிவர். வீட்டுத் தோட்டத்தில் நட்டு வளர்க்க வேண்டிய செடியாக எண்ணுவோர் குறைவு. அதன் தண்டு தரையோடு ஒட்டி ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடும். சிறு திப்பிலியை ஒத்த பூத்தலைகளைத் தேடித் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும். வேர் நன்றாக இறங்கிய பிறகு அது கேட்கும் நீர் புல்தரை கேட்பதைவிட மிகக் குறைவு. இதே இனத்திலிருந்து ஜப்பானில் உருவாக்கப்பட்ட குராப்பியா என்னும் வகை, இன்று கலிபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக நடப்படுகிறது. 2015 வறட்சியின்போது அம்மாநில ஆளுநர் நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்கவும், 5 கோடி சதுர அடிப் புல்தரையை வறட்சி தாங்கும் தாவரங்களால் மாற்றவும் ஆணையிட்டதை இங்கே நினைவுகூரலாம். நம் வரப்பில் மிதிபடும் ஒரு செடிக்கு இத்தகைய பயன் இருக்கும்போது, அதைத் தோட்டக்கலையின் மொழியில் குறிப்பிடத் தமிழில் தெளிவான பெயர் வேண்டும்.

நிலப்போர்வை என்பது அழகிய சொல்தான். ஆனால் வைக்கோல், சருகு, நெகிழித்தாள் முதலியவற்றால் மண்ணை மூடுவதை வேளாண்மையில் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம். மூடாக்கு என்ற சொல்லும் அதே பொருளில் உழவரிடம் வேரூன்றிவிட்டது. உயிருள்ள தாவரத்துக்கும் இறந்த சருகுக்கும் ஒரே பெயர் இருந்தால், நிலப்போர்வை இடுக என்று படிப்பவர் நாற்று வாங்குவதா, வைக்கோல் வாங்குவதா என்று அறிய மாட்டார்.

மூடுபயிர் இன்னும் நெருங்கி வருகிறது. எனினும் அது வேறொரு பயிருக்காக வளர்க்கப்படுவது. சணப்பையை விதைத்து மடக்கி உழுவதும், கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் மரங்களுக்கிடையே அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிடுவதும் மண்ணையும் முதன்மைப் பயிரையும் காப்பதற்காகவே. தோட்டத்துப் பொடுதலைக்கு அத்தகைய முதன்மைப் பயிர் எதுவும் இல்லை. அங்கே அதுவே நிலைத்த பயிர். படர்செடி என்பதோ வளரும் முறையை மட்டும் சொல்கிறது. பூசணியும் தரையில் படர்கிறது; ஆயினும் இடைவெளி விட்டுப் படர்ந்து ஒரே பருவத்தில் மடிந்துவிடுகிறது. மறுபுறம், லிரியோப்பி போன்ற குத்துச்செடிகள் அவ்வளவாகப் படர்வதில்லை. நெருக்கி நட்டால் மண் தெரியாமல் மூடிவிடுகின்றன. ஆகவே இந்த வகையை ஒன்றிணைப்பது படர்தல் அன்று, மூடுதல்.

அந்தச் செயலையே பெயராக்க வேண்டும் என்பது என் கருத்து. வழிகாட்டி, மண்வெட்டி, தொட்டாற்சுருங்கி என வினையடியோடு இகரம் சேர்த்துப் பெயர் அமைப்பது தமிழுக்கு இயல்பு. தரையை மூடுவது தரைமூடி. மூடி என்றால் பாத்திர மூடி நினைவுக்கு வரும் என்ற தயக்கம் எழலாம். தனிச்சொல்லுக்கு அது பொருந்தும். தொகைச்சொல்லில் முன்னுள்ள சொல் பொருளை வரையறுத்துவிடுகிறது. நிலம் என்பதைவிடத் தரை என்பதைத் தேர்ந்ததற்குக் காரணம், நிலம் வயலையும் மனையையும்கூடக் குறிக்கும். தரை மேற்பரப்பை மட்டும் குறிக்கும். புல்தரை என்ற சொல் வழக்கில் இருப்பதால் தரைமூடி அதன் அருகில் இயல்பாக அமர்கிறது.

தரைமூடிகளை வருணிக்கும் அடைமொழிகளிலும் கூடுதல் கவனம் வேண்டும். 'வறட்சி எதிர்ப்பு' என்பதைவிட 'வறட்சி தாங்கும்' என்பதே சரி. செடி வறட்சியை விரட்டுவதில்லை, அதனூடே பிழைத்திருக்கிறது. 'பசுமைமாறா' என்ற அடைமொழி காடுகளைப் பற்றிய எழுத்தில் நிலைபெற்றது. எல்லா இலைகளையும் ஒரே காலத்தில் உதிர்க்காத தாவரத்தை அது குறிக்கும். இவ்விரு அடைமொழிகளையும் ஒன்றாகக் கருதக் கூடாது. கடுங்கோடையில் நீரே இல்லாமல் விட்டால் பொடுதலையின் இலைகள் காய்ந்து பழுப்பாகும்; கணுக்களில் உயிர் தங்கி, மழை விழுந்ததும் மீண்டும் துளிர்க்கும். அது வறட்சி தாங்குவதற்குச் சான்று. பசுமை மாறாமைக்குச் சான்றன்று. கோடையிலும் பச்சையாக இருக்க வேண்டுமானால் இடையிடையே நீர் தர வேண்டும் என்று எழுதிவிடுவதே வாசகருக்கு நேர்மையானது.

சொல் பயன்பாட்டில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு நடவுக் குறிப்பு: "தரைமூடி நடும் இடத்தில் கோரைக் கிழங்குகளை முதலில் தோண்டி அகற்றுக. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில், இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை ஓர் அடி இடைவெளியில் நடுக. தரைமூடி நெருங்கி வளரும்வரை களையைக் கையால் எடுக்க. வெயில் படாத இடத்தில் தண்டு நீண்டு இலை அடர்த்தி குறையும் என்பதால் மரநிழலைத் தவிர்க்க. பூக்கும் காலத்தில் தேனீக்கள் இருக்கும். வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்." இதில் சொல் எங்கும் இடறவில்லை.

இச்சொல் பாராட்டாகவும் ஆகிவிடக் கூடாது. பூங்காக்களில் மஞ்சள் பூவுக்காக நடப்படும் வெடேலியாவும் தரைமூடிதான். ஆனால் உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் அது உள்ளது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி அதற்கு நெருங்கிய உறவினம், தோற்றத்திலும் ஒத்தது என்பதால் நாற்று வாங்குவோர் குழம்பக்கூடும். பொடுதலையின் தென்னமெரிக்க உறவினம் ஒன்று ஆஸ்திரேலியாவின் முர்ரே–டார்லிங் வெள்ளச் சமவெளிகளில் பெருங்களையாகிவிட்டது. எனவே வரையறையில் நன்மை தீமை கலவாமல், சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

தரைமூடி (பெயர்ச்சொல்): தாழ்ந்து நெருங்கி வளர்ந்து மண்ணின் மேற்பரப்பை நிலையாக மூடும் பல்லாண்டுத் தாவரம், படர்வதாகவோ குத்தாகவோ இருக்கலாம்.

புல்லை இதில் சேர்ப்பதா, புல்தரை என்று தனியே நிறுத்துவதா என்பது மட்டும் எஞ்சுகிறது. தனியே நிறுத்தலாம் என்பது என் எண்ணம். தோட்டப்பணியில் பழகியவர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.