நம்ம வீடு குழு: மாருதி ஜிம்னிக்கு ராக் ஸ்லைடர்

*சனிக்கிழமை*

மச்சான் (காலை 7:40)
(படம்)
கொல்லிமலைத் தோட்டத்துப் பாதையில் இடது பக்கம் பாறை உரசிவிட்டது. கதவு ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. ஆனால் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு நசுங்கிவிட்டது. அந்த விளிம்பைப் பாறையிலிருந்து காக்க இரண்டு பக்கமும் மாட்டுகிற இரும்புக் குழாய், அதுதான் ராக் ஸ்லைடர், கிட் நேற்றே வந்தாயிற்று. நாளைக்கு வீட்டிலேயே மாட்டலாம் என்று இருக்கிறேன்.

அம்மா
யாருக்கும் அடி இல்லையே மாப்பிள்ளை?

மச்சான்
இல்லைங்க அத்தை. நடக்கிற வேகத்தில்தான் போனோம்.

பெரியப்பா
மழையில் மண்ணெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பாதையில் இப்போது பாறைதான் மிச்சம். என் பழைய ஜீப் இடிக்காமல் ஏறிவிடும். இது நீளமான வண்டி ஆயிற்றே.

சென்னை அண்ணன்
ஆமாம் அப்பா. வெளிநாட்டில் ஓடும் 3 கதவு ஜிம்னிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2250 மி.மீ. இங்கே 2023இல் வந்த 5 கதவு வண்டிக்கு 2590. தரையிலிருந்து உயரம் அதே 210தான். கூடின 340 மி.மீ.யும் வண்டியின் நடுவில் போய்ச் சேர்ந்துவிட்டது. முன் சக்கரம் மேட்டைத் தாண்டியதும் வயிறு பாறையில் உட்காரும். ஸ்லைடர் அவசியம்தான்.

பட்டறை மாமா (8:15)
மாப்பிள்ளை, பிராக்கெட் எங்கே உட்காருகிறது என்று முதலில் ஒரு படம் போடுங்கள். ஏறி இறங்க வைக்கும் படியையும் இதே பெயர் சொல்லி விற்கிறார்கள். பாடித் தகட்டில் மாட்டுகிற மாதிரி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாறையில் இறங்கும்போது வண்டியின் பாதி எடை அந்தக் குழாய் மேல் வரும். அதை வண்டிக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டம், சேசிஸ்தான் தாங்க வேண்டும். பாடி மேல் வந்தால் இப்போது ஒரு சாண் நசுங்கினது அப்புறம் கதவு நீளத்துக்கு நசுங்கும்.

மச்சான்
(படம்) (படம்)
ஒரு பக்கத்துக்கு நான்கு பிராக்கெட். எல்லாமே சேசிஸுக்குத்தான் மாமா.

நான்
வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன் மாமா. குழாய்ச் சுவர் 3 மி.மீ. இருக்கிறது. போல்ட் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் அச்சு இருக்கிறது. குழாயின் இரண்டு முனையும் மூடி, அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை விட்டிருக்கிறார்கள்.

பட்டறை மாமா
நல்ல சாமான். அந்த ஓட்டையைப் பெயின்ட் போட்டு அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் நின்றால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

அக்கா
மாமா, பக்கத்துத் தெருவில் ஒருவர் இதையே வெல்டிங் வைத்துத் தருகிறாராம். அரை நாள் வேலைதான் என்கிறார். அது இன்னும் உறுதியாக இருக்காதா?

பட்டறை மாமா (8:50)
வேண்டாம் பாப்பா. வெல்டிங் சூட்டில் சேசிஸ் இரும்பின் குணமே மாறிவிடும். வெல்டிங் தையலை ஒட்டின இடத்தில்தான் பிற்பாடு விரிசல் விடும். ஸ்லைடர் அடி வாங்கி வளைந்தால் கழற்றவும் முடியாது.

நாமக்கல்லில் இத்தனை லாரிக்குப் பாடி கட்டுகிறோம். சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போட மாட்டோம். பாரம் ஏறி வளையும்போது இழுப்பும் அழுத்தமும் அந்த இரண்டு விளிம்பில்தான் அதிகம். அதனால்தான் துளை போடாமல், பாடியை யூ வடிவ போல்ட் போட்டுக் கட்டுகிறோம். துளை போட்டே ஆக வேண்டும் என்றால் நடுச்சுவரில்தான்.

உங்கள் வண்டிக்கும் அதே கணக்குதான். கம்பெனி விட்டிருக்கும் ஓட்டையில் உட்காருகிற பிராக்கெட்டை அதிலேயே மாட்டுங்கள். புது ஓட்டை போட்டால் பிசிறை அரம் வைத்து எடுத்துவிட்டு, சிங்க் பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு போல்ட் போடுங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், வயர் எல்லாம் சேசிஸை ஒட்டித்தான் ஓடும். டார்ச் அடித்து உள்பக்கம் பார்க்காமல் டிரில்லை வைக்கக் கூடாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நாலு பக்கமும் மூடின பெட்டிச் சேசிஸில் போல்ட் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது என்றால், உள்ளே அதே அகலத்துக்கு ஒரு ஸ்பேசர் குழாய் இருந்தாக வேண்டும். இல்லாமல் முறுக்கினால் இரண்டு சுவரும் உள்ளே வாங்கும். இன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். கொஞ்ச நாளில் போல்ட் ஆடத் தொடங்கும்.

நான்
கிட்டில் ஸ்பேசர் குழாய் எட்டு இருக்கிறது மாமா. எதற்கு என்று நானும் மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா (9:20)
வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கியை நம்பிப் படுக்கக் கூடாது. தம்பி, நீயே அழுத்திச் சொல்.

பட்டறை மாமா
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு. பட்டறையிலிருந்து நாலு ஸ்டாண்டு கொடுத்துவிடுகிறேன். ஹாலோ பிளாக்கை அடுக்கி வைக்கிற வேலையே வேண்டாம். பார்க்கக் கல் மாதிரிதான் இருக்கும், பாரம் ஒரு முனையில் விழுந்தால் சத்தமே இல்லாமல் நொறுங்கும். சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

மச்சான்
சரிங்க மாமா. முன்பக்க பம்பருக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி, ஒரு புல் பாரும் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். சேர்த்து வாங்கலாமா?

சென்னை அண்ணன்
அதை மட்டும் வாங்காதீர்கள் மச்சான். புல் பார், கிராஷ் கார்டு எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மீது மோதினால் அடி பலமாக விழும். மோதலை ஏர்பேக் சென்சார் உணர்கிற விதமும் மாறிவிடும். ஸ்லைடரையும் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மச்சான்
புல் பார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறேன்.

*ஞாயிற்றுக்கிழமை*

நான் (காலை 11:05)
(படம்)
இடது பக்கம் நான்கு பிராக்கெட்டும் உட்கார்ந்துவிட்டன. எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி வைத்திருக்கிறோம். ஸ்லைடருக்கும் பாடிக்கும் இடையில் முன்னால் 22 மி.மீ., பின்னால் 9 மி.மீ. இருக்கிறது மாமா.

பட்டறை மாமா
9 போதாது. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் மவுண்டு இருக்கிறது. மேடு பள்ளத்தில் பாடி தனியாக அசையும். ஸ்லைடரில் தட்டித் தட்டி பெயின்ட் போகும், சத்தமும் வரும். பிராக்கெட் ஓட்டை நீளவாக்கில் இருக்கிறதே, பின்பக்கத்தைக் கீழே இறக்கி இரண்டு முனையையும் சமமாக வைத்துவிட்டு முறுக்குங்கள். ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நான்கையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக.

மச்சான்
முறுக்கு அளவு பார்க்கிற டார்க் ரெஞ்சில் எவ்வளவு வைக்கட்டும் மாமா? எம்10 போல்ட், அதாவது 10 மி.மீ. தடிமன்.

பட்டறை மாமா
8.8 எம்10க்கு 45 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும். கிட்டோடு வந்த தாளில் எண் போட்டிருந்தால் அதையே வையுங்கள். முறுக்கி முடித்ததும் நட்டு மேலும் பிராக்கெட் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுங்கள். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

அக்கா (மாலை 4:30)
அம்மா ஸ்லைடரில் கால் வைத்து ஏறிப் பார்த்தார்கள். கால் கொஞ்சம் வழுக்குகிறது. மேல்பக்கம் சொரசொரப்பு டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

நான் (5:10)
(வீடியோ)
இரண்டு பக்கமும் முடிந்தது. மாமா சொன்னபடி ஸ்லைடரின் நடுவிலேயே ஜாக்கி வைத்து, பக்கத்தில் ஸ்டாண்டும் வைத்துக்கொண்டு, இடது பக்கத்தைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழுந்தன. இடைவெளி முன்னாலும் பின்னாலும் 20 மி.மீ. அப்படியே நிற்கிறது. வெள்ளைக் கோடு ஒன்றுகூட விலகவில்லை.

பெரியப்பா
அப்படியென்றால் பாறையிலும் தாங்கும். சில்வர் ஓக் வரிசைப் பக்கம் திரும்பும்போது மட்டும் பார்த்துப் போங்கள். மிளகுக் கொடியில் குழாய் சிக்கிவிடப் போகிறது.

பட்டறை மாமா
நல்ல வேலை, இரண்டு பேரும். முதல் தடவை மலை ஏறி இறங்கியதும் எல்லா நட்டையும் திரும்பவும் ஒரு முறை பாருங்கள், அப்புறம் 500 கி.மீ. ஓடினதும் இன்னொரு முறை. டார்க் ரெஞ்ச் அதுவரை உங்களிடமே இருக்கட்டும். ஸ்டாண்டு மட்டும் நாளைக்குக் காலையில் வேண்டும், ஒரு லாரி வந்து நிற்கிறது.

மச்சான்
ஏழு மணிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் மாமா.