பொது வீட்டுச் செலவைப் பிரிப்பது புள்ளிக் கணக்கிலா, பங்குக் கணக்கிலா?

வளவுக்காரர்

பொது வீடு வைத்திருக்கிற தாயபிள்ளைகளிடம் ஒரு சந்தேகம்.

தேவகோட்டைப் பக்கம் வீடு. ஐயாக்கள் மூன்று பேர் வழி. கல்யாணமான ஆண் ஒருவரின் குடும்பம் ஒரு புள்ளி. இன்றைக்கு மூத்தவர் வழியில் ஒரு புள்ளி, நடுவுள்ளவர் வழியில் மூன்று, இளையவர் வழியில் நான்கு, ஆக எட்டுப் புள்ளி. ஊரில் இருப்பவர் ஒருவர்தான். கரண்டு பில், வீட்டு வரி, ஓடு மாற்றுவது, முன்னோர் படைப்புக்கு முன்னால் வெள்ளையடிப்பது எல்லாமே முதலில் அவர் கைக்காசு. அப்புறம் ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பாதிப்பேர் அன்றைக்கே ஜிபே செய்துவிடுவார்கள். மீதிப்பேர் கைகூப்புகிற பொம்மையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த வருடம் முகப்பு ஓடு முழுக்கப் பிரித்து மேய வேண்டும். எட்டாகச் சமமாகப் பிரித்தால் இளையவர் வழி, "எங்களுக்கு வீட்டில் பன்னிரண்டில் ஒன்றுதானே" என்கிறது. பங்குப்படி என்றால் மூத்தவர் வழிக்கு முகம் சுருங்குகிறது. செலவு பிரிக்கிற செயலி ஒன்றும் போட்டுப் பார்த்தோம், ஒருத்தரும் திறப்பதில்லை. ஒழுங்காக நடக்கிற முறை இருந்தால் சொல்லுங்கள். ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் அமெரிக்கா என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

ஐந்தொகை

செயலியைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு வகைச் செலவை ஒரே பையில் போட்டதால் வந்த சண்டை இது.

கரண்டு, வரி, கூட்டுகிற ஆள், விளக்கெண்ணெய், கேமராவில் இருக்கிற சிம்முக்கு ரீசார்ஜ் இதெல்லாம் நடப்புச் செலவு. வீட்டில் விசேஷம் வைக்க எட்டுப் பேருக்கும் ஒரே உரிமை என்பதால் இதைப் புள்ளிக் கணக்கில் போடுங்கள். ஓடு, அதைத் தாங்குகிற கைமரம், சுவர், வயரிங் இதெல்லாம் கட்டடச் செலவு. சொத்தின் மதிப்பைக் காப்பாற்றுகிற பணம், ஆகவே பங்குக் கணக்கு.

எண்ணில் பார்த்துவிடுவோம். வீட்டை 36 பங்காக வையுங்கள், வழிக்கு 12. மூத்தவர் வழியில் ஒரே ஆள், அவருக்கே 12. நடு வழியில் ஆளுக்கு 4. இளைய வழியில் ஆளுக்கு 3. நடப்புச் செலவு வருடத்துக்கு 96,000 ரூபாய் என்றால் புள்ளிக்கு 12,000, அதோடு முடிந்தது. ஓட்டு வேலை 3,60,000 என்றால் பங்குக்கு 10,000. மூத்தவர் 1,20,000, நடு வழியார் ஆளுக்கு 40,000, இளைய வழியார் ஆளுக்கு 30,000. மூத்தவர் கசந்தால் ஒன்று கேளுங்கள்: நாளைக்கு வீட்டை விலை பேசினால் மூன்றில் ஒன்றை வாங்கிக்கொள்வாரா, எட்டில் ஒன்றா?

பேங்க் கணக்கு தனியாக வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற வகையில் திறங்கள். அந்த வகைக் கணக்கில் பொதுவாக யுபிஐ ஓடாது, அதுவும் நல்லதற்குத்தான். பெரிய தொகை செக்கில் போகட்டும். ஊரில் இருப்பவர் கையில் சில்லறைக் கையிருப்பாக 10,000 கொடுத்துவையுங்கள். எந்த நாளில் எண்ணினாலும் கையில் இருக்கிற காசையும் செலவு ரசீதுகளையும் கூட்டினால் 10,000 வர வேண்டும். மாதம் ஒருமுறை ரசீதை வாங்கிக்கொண்டு செலவான அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். இதற்கு மேல் ஒரு தணிக்கை வேண்டியதில்லை.

கணக்கு கூகுள் ஷீட்டில் போதும். தேதி, விவரம், நடப்பா கட்டடமா, வரவு, செலவு, யார் கை, ரசீதுப் படத்தின் இணைப்பு என்று ஏழு பத்தி. திருத்துகிற உரிமை இரண்டு பேருக்கு, மற்ற ஆறு பேரும் பார்க்கலாம். தப்பு விழுந்தால் பழைய வரியை அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவு போட்டு அடுத்த வரியில் சரியானதை எழுதுங்கள். பேரேட்டில் சுரண்டி எழுதுகிறவனைப் பெட்டியடியில், அதாவது கணக்கும் காசும் பார்க்கிற இடத்தில், வைத்திருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், அதில் பற்று, வரவு, நிலுவை. மாதக் கடைசியில் பிடிஎஃப் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் செயலியைத் திறக்காதவரும் தன் நிலுவையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ரசீதை அன்றைக்கே படம் பிடியுங்கள். கடை மெஷினில் வருகிற வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், வருடக் கடைசியில் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும்.

வட்டியும் வையுங்கள். தாமதமாகக் கட்டுகிறவருக்குப் பற்று, முன்பணம் போட்டவருக்கு வரவு, விகிதம் இரண்டுக்கும் ஒன்றே. உங்கள் பேங்கின் ஒரு வருட வைப்பு வட்டியை எடுத்துக்கொள்ளலாம். பங்காளிக்குள் வட்டியா என்று யாராவது கேட்டால், ரங்கூனில் கோயிலில் கூடி உட்கார்ந்து மாதாமாதம் நடப்பு வட்டி குறித்தது நம் நகரத்தார்தானே என்று திருப்பிக் கேளுங்கள்.

கடைசியாக, ஊரில் இருக்கிறவருக்கு மாதச் சம்பளம் போடுங்கள். கௌரவத்துக்குக் குறைவு என்று அவரே மறுப்பார், விடாதீர்கள். சும்மா செய்கிறவரிடம் கணக்குக் கேட்டால் அவருக்கு மனத்தாங்கல், கேட்காவிட்டால் மற்றவர்களுக்குச் சந்தேகம். சம்பளம் வாங்கிவிட்டால் கேட்கிறவருக்கும் கூச்சமில்லை, சொல்கிறவருக்கும் வருத்தமில்லை. அது நடப்புச் செலவில் சேரும்.

கடுக்காய்த்தண்ணி

கணக்கை அவர் சொல்லிவிட்டார், நான் ஓட்டு வேலையைச் சொல்கிறேன். 3,60,000 என்று யாரும் தரையில் நின்று சொல்ல முடியாது.

முதலில் ஒரு சதுரம், அதாவது 100 சதுர அடி மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். நாட்டு ஓடு அடுக்கடுக்காக வேய்ந்திருக்கும், மேலே நல்லதாகத் தெரிந்தாலும் அடியில் உளுத்துப்போயிருக்கலாம். இறக்கிய ஓட்டை விரலால் சுண்டுங்கள். கணீரென்றால் திரும்ப வைக்கலாம், பொத்தென்றால் கழிவு. ஒரு சதுரத்தில் கழிவு எத்தனை, ஓட்டுக்கு அடியில் இருக்கிற ரீப்பர்ச் சட்டம் எத்தனை அடி போச்சு என்று எண்ணி, மொத்தச் சதுரத்தால் பெருக்கினால் வருவதுதான் மதிப்பீடு. ஏலம் கேட்பது, மேஸ்திரியிடம் பேரம் பேசுவது எல்லாம் அதற்குப் பிறகு.

கூலி விஷயத்தில் பிரிப்பதற்கு நாள் கூலி, மேய்வதற்குச் சதுரக் கூலி. பிரிப்பதையும் சதுரக் கணக்கில் விட்டால் வேகத்துக்கு நல்ல ஓட்டையும் சேர்த்துக் கீழே தள்ளுவார்கள். மேய்வதை நாள் கூலியில் விட்டால் பொங்கல் வந்துவிடும். கழிவுக்குப் பதிலாகப் புது ஓடு வாங்கினால் வளைவு ஒத்துப்போகாது, இடுக்கில் தண்ணீர் இறங்கும். இடிக்கிற வீட்டில் பழைய ஓடு வாங்குங்கள், அளவுக்கு ஒரு மாதிரி ஓட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். கடைசித் தவணைக் கூலியை ஒரு கனமழை பார்த்த பிறகுதான் கொடுப்பேன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வேலை எல்லாம் ஐப்பசிக்குள் முடிய வேண்டும்.

ஒழுகுகிற வீட்டில் ஓடுகளைவிட இரண்டு சரிவும் சேரும் பள்ளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் போட்ட தகரம் துருப்பிடித்துப் பொடியாகியிருக்கும், மேலே வேப்பிலைக் குப்பை அடைத்திருக்கும். தண்ணீர் பின்வாங்கி நேரே கைமரத்தின் தலையில் இறங்கும். பர்மா தேக்கைக் கரையான் சாதாரணமாகத் தொடாது, ஆனால் வருடக்கணக்காக ஈரத்தில் நின்றால் தேக்கும் அழுகும். புரட்டாசியில் ஓர் ஆள் ஏறி ஒரு நாள் குப்பை வாரினால் கைமரம் மாற்றுகிற செலவு மிச்சம். அந்த ஒரு நாள் கூலியை ஐந்தொகை சொன்ன நடப்புச் செலவில் நிரந்தரமாக எழுதிவையுங்கள்.

சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். சிமெண்ட் மேலே மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மழையில் சுற்றியிருக்கிற நல்ல பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். அது சிமெண்டில் வார்த்த கல், ஆசிட் நிறத்தையும் பளபளப்பையும் தின்றுவிடும். தண்ணீரும் துணியில் தொட்ட தேங்காயெண்ணெயும் போதும்.

மேலைவாசல்

எட்டுப் பேர் சேர்ந்து வருடா வருடம் அழுவதற்கு, தூணையும் நிலையையும் காரைக்குடி பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டு மனையைப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டுக்குச் செலவழித்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

பத்திரக்கட்டு

மேலைவாசல் அண்ணே, கொடுக்கலாம், எட்டுக் கையெழுத்து வேண்டும். பிரிபடாத சொத்தில் ஒருவர் விற்க முடிவது தன் பிரிபடாத பாகத்தை மட்டுமே. இந்தத் தூண் என் பங்கு என்று எவரும் கழற்ற முடியாது. வெளியாள் ஒருவர் பாகத்தை வாங்கிக்கொண்டு பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், குடும்பத்தார் அந்தப் பாகத்தை மதிப்புக் கொடுத்துத் தாங்களே வாங்கிக்கொள்ள 1893ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இன்னொன்று. 100 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளும் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உள்நாட்டில் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும்.

வளவுக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் எட்டில் பெண் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன். புள்ளி எண்ணும்போது கட்டிக்கொடுத்த பெண் வரமாட்டார், சட்டத்தில் வருவார். ஐயா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் இல்லாமல் 1956க்குப் பிறகு காலமாகியிருந்தால் மகளும் முதல் வகுப்பு வாரிசு. பூர்வீகச் சொத்தென்றால் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல் வந்தது, அப்போது கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்கு. 2005இல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. தகப்பனார் 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்த 36 பங்குக் கணக்கை எழுதுவதற்கு முன் வாரிசுச் சான்றிதழையும் பழைய பாகப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். ஆச்சிமார் வேண்டாம் என்று வாயால் சொன்னது போதாது, பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

சிங்கப்பூர்க்காரர், அமெரிக்காக்காரர் இருவரும் ஊரில் ஒருவருக்குப் பவர் கொடுக்கட்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்று வாங்கி, தாள் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இந்த மூன்று மாதத்தைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். பவரில் பராமரிப்பு, வரி, மின் இணைப்பு, குறுகிய கால வாடகை என்று வேலையைத் தனித்தனியாக எழுதுங்கள். விற்கிற அதிகாரம் சேர்க்க வேண்டாம்.

வளவுக்காரர்

ரொம்ப நன்றி. அத்தைமார் இரண்டு பேர் இருக்கிறார்கள், பத்திரத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஷூட்டிங்குக்குக் கேட்கிறார்கள், நான்கு நாள். அந்த வரவு புள்ளிக்கா, பங்குக்கா?

ஐந்தொகை

பங்குக்குத்தான். வீடு ஈட்டிய பணம் வீட்டுக்காரருக்குப் பாகப்படி. ஆனால் கையில் பிரித்துக் கொடுத்துவிடாமல், அவரவர் பக்கத்தில் வரவு வைத்து ஓட்டு வேலைப் பற்றில் கழித்துவிடுங்கள். வருமான வரியில் அவரவர் பாகத்தை அவரவர் காட்ட வேண்டும். வெளிநாட்டில் குடியிருக்கிற இருவர் பாகத்துக்கு, பணம் கொடுக்கிற கம்பெனி 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும், பணம் அவர்களுடைய என்ஆர்ஓ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கிற பேங்க் கணக்குக்கு, போக வேண்டும். ஒரே பெயருக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டு அப்புறம் பிரித்தால், வாங்கியவர் தலையில் முழு வருமானமும் ஏறி நிற்கும்.

கடுக்காய்த்தண்ணி

வீட்டு மீட்டரில் கரண்டு எடுக்க விடாதீர்கள். வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாரியம் அபராதம் போடும், பழைய மரப்பட்டி வயரிங்கும் அந்த விளக்குச் சுமையைத் தாங்காது. ஜெனரேட்டர் தெருவில் நிற்கட்டும், புகை முகப்புச் சித்திரத்தில் படாத பக்கமாக.

ஒப்பந்தத்தில் ஆணி, டேப், பெயிண்ட் மூன்றும் கிடையாது என்று எழுதுங்கள். பழைய சுண்ணாம்பில் ஒட்டிய டேப்பை உரித்தால் முட்டை வெண்கரு சேர்த்த பூச்சின் மெருகும் கூடவே வரும், அதைத் திரும்பப் போடக் கைத்தேர்ந்த ஆள் கிடைப்பது கஷ்டம். வருவதற்கு முதல் நாள் அறை அறையாக வீடியோ எடுத்து, தூண்களுக்கு எண் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். முன்வைப்புத் தொகையைச் சாமான் ஏற்றிப் போகிற அன்றைக்கே திருப்பாதீர்கள், ஒரு நாள் தள்ளிக் கூட்டிக் கழுவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கேமரா வண்டிக்குத் தண்டவாளம் போடுவார்கள். ஆத்தங்குடிக் கல்லின் மேல் பழைய போர்வை, அதன்மேல் 12 எம்எம் பிளைவுட், அதற்கப்புறம்தான் தண்டவாளம். பிளைவுட்டை அவர்களே கொண்டுவர வேண்டும்.