மறு: ஸ்கொயர்-ஃப்ரீ எண்ணுக்கு 'அடுக்கிலா எண்'

வணக்கம் ஐயா,

> 'வர்க்கமற்ற எண்' போதாதா? படித்தவுடன் புரிகிறதே.

புரிகிறது, ஆனால் தவறாக. காட்பாடியில் என்னிடம் மாலையில் கணக்குப் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் வர்க்கமற்ற எண்கள் பத்து எழுதச் சொன்னேன். 12, 18 இரண்டையும் சேர்த்திருந்தாள். கேட்டதற்கு, "ரெண்டும் வர்க்க எண் இல்லையே சார்" என்றாள். அவள்மேல் குற்றமில்லை, பெயர் அப்படித்தான் சொல்கிறது. நாம் சொல்ல வந்ததோ வேறு: எந்தப் பகாக் காரணியும் இருமுறை வரக்கூடாது. 12-இல் 2 இருமுறை, 18-இல் 3 இருமுறை.

'பகா எண்' சாயலில் 'அடுக்கா எண்' என்று முதலில் யோசித்தேன். "இது அடுக்குமா?" என்று கேட்கும் நம் வழக்கு குறுக்கே வந்தது, தகாத எண் என்று காதில் விழும். 'அடுக்கிலா' என்றால் அந்தத் தொல்லை இல்லை. காரணிச் செடி வரைந்து, பகாக் காரணிகளின் பெருக்கலாக எழுதும்போது எதன் தலையிலும் சின்ன எண் ஏறவில்லையா, அது அடுக்கிலா எண். அடுக்கு 1 எனில் நாம் எழுதுவதே இல்லை என்பதால் அதுவும் இடிக்காது.

நம்மூர் அஞ்சல் குறியீட்டு எண்களிலேயே போட்டுப் பார்த்தோம். காட்பாடி 632007. இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 9 வகுக்கும்: 3² × 70223. அடுக்கு வந்துவிட்டது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வேலூர் 632001. இது 3 × 210667. 210667-ஐ 3 மறுபடி வகுக்காது. மிச்சத்தை எதுவரை சோதிப்பது? 60-இன் கனம் 216000, நம் எண்ணை விடப் பெரிது. எனவே 59 வரையுள்ள பகா எண்கள் போதும்; அவை எதுவும் வகுக்காவிட்டால், 60-ஐத் தாண்டிய பகாக் காரணிகள் மூன்று இதில் அடங்காது, அதிகம் போனால் இரண்டுதான். ஒன்றும் வகுக்கவில்லை. இனி அந்த இரண்டும் ஒன்றே ஆகி, 210667 தானே ஒரு வர்க்கமாக இருந்தால்தான் ஆபத்து; 458² = 209764, 459² = 210681, நடுவில் நிற்கிறது. 632001 அடுக்கிலா எண். கடைசி வகுத்தல் முடிந்ததும் அந்தப் பெண் தாளில் 'அ.இ.' (அடுக்கு இலா) என்று எழுதி வட்டமிட்டாள். சொல் பிடித்துக்கொண்டது என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

எண் பெரிதானால் கதையே வேறு. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண் பகா எண்ணா என்று விரைவாகச் சொல்லிவிடலாம். எந்த எண்ணுக்கும் பொருந்தும் உறுதியான வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் காட்டினார்கள். அடுக்கிலா எண்ணா என்று கேட்டால், காரணிப்படுத்தாமல் விரைவாகச் சொல்லும் பொதுவழி இன்றுவரை தெரியாது. இவ்வளவு ஆழமான கேள்விக்குப் பிழையான பெயரை வைத்து மாணவர்களிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

> 1-ஐ என்ன செய்வீர்கள்?

அதற்குப் பகாக் காரணியே இல்லை, அடுக்கு எங்கிருந்து வரும்? அடுக்கிலா எண்தான். அதையும் சேர்த்து 100 வரை 61 இருக்கின்றன.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து