மசாலாக் கடை வீடியோவுக்கு 69,000 ராண்ட்: கொடுக்கலாமா?

டோங்காட் மசாலா
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் உள்ள டோங்காட்டில் எங்கள் குடும்பம் மசாலாக் கடை நடத்துகிறது. மிளகாய், மல்லி எல்லாம் பின்கட்டிலேயே வறுத்து அரைக்கிறோம். இப்போது ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் பக்கம் கூரியரில் அனுப்புகிறோம். கடையை நேரில் பார்க்காதவர்கள் நம்பி வாங்க ஒரு நல்ல வீடியோ வேண்டும் என்று நினைத்தோம். ஒரு நிறுவனம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது: 60,000 ராண்ட், அதன் மேல் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 9,000, ஆக 69,000. இரண்டு நாள் படப்பிடிப்பு, இரண்டு நிமிட வீடியோ ஒன்று, ட்ரோன் காட்சி. இதைத் தவிர விவரம் எதுவும் இல்லை. இந்தக் காசுக்கு இன்னொரு அரவை மெஷினுக்கு முன்பணம் கட்டலாம் என்கிறார் அப்பா. தங்கையோ வீடியோ கட்டாயம் வேண்டும் என்கிறாள். தீபாவளி வியாபாரத்துக்கு முன் முடிவு எடுக்க வேண்டும். இது நியாயமான விலையா?

சாட்ஸ்வொர்த் அக்கா
தம்பி, கொடுக்காதீங்க. நான் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிறேன். முறுக்கு எண்ணெயில் விழும் சத்தம், அதைக் கரண்டியால் திருப்பும் கை, இவ்வளவுதான் என் வீடியோ. எல்லாம் போனில் எடுத்தது. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுகிறார்கள். உங்கள் கடையில் வறுக்கும் சட்டியும் புகையும் சிவப்புத் தூளும் இருக்கிறது. அதற்கு மேல் யார் வந்து என்ன அழகு சேர்க்கப் போகிறார்கள்? 69,000 முழுவதையும் ஒரே வீடியோவில் போட்டுவிட்டால் அதை நாலு பேர் கண்ணில் காட்ட விளம்பரக் காசு எங்கிருந்து வரும்? அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

டர்பன் கேமரா
நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன். அக்கா சொல்வது பலகாரத்துக்குச் சரி. அக்காவிடம் வாங்குபவர் பக்கத்துத் தெருக்காரர், அக்காவின் கைப்பக்குவம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். கேப்டவுனில் இருப்பவருக்கு இந்தக் கடையைத் தெரியாது. அவர் முதலில் பார்ப்பது சுத்தம், வெளிச்சம், பேசும் ஆளின் குரல்.

போனில் எடுத்தால் எங்கே சறுக்கும் தெரியுமா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனில் நொடிக்கு 30 ஃபிரேம் (படங்கள்) வைத்து, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, தானாக ஓடவிட்டால், கடையில் உள்ள டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் படத்தில் பட்டை பட்டையாகத் துடிக்கும். 25 ஃபிரேமும் 50-இல் ஒரு பங்கு நொடி ஷட்டரும் வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். இது இலவசமாகச் செய்யக்கூடியது, ஆனால் செய்யத் தெரிய வேண்டும். அப்புறம் சத்தம். அப்பா பேசும்போது பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமும், அரவை மெஷின் ஓடும். அவர் சட்டையில் ஒரு காலர் மைக் குத்தி, ஃப்ரிட்ஜைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

விலையில் பெரும்பகுதி படப்பிடிப்புக்குப் போவதில்லை. 4கே என்ற மிகத் தெளிவான தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் வரும். நாலு மணி நேரம் எடுத்தால் 180. அதை இரண்டு பிரதியாக வைத்து, உட்கார்ந்து பார்த்து, வெட்டி, நிறம் சரிசெய்து, சத்தம் சுத்தம் செய்ய ஒரு ஆள் நாள் கணக்கில் வேலை பார்க்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் அக்கா
25 ஃபிரேம், காலர் மைக் இரண்டையும் நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். அந்த மைக்கை அவர்களே வாங்கிக்கொள்ளலாமே? பிறகு 60,000 எதற்கு என்றுதான் மறுபடியும் கேட்கிறேன்.

பீனிக்ஸ் கணக்கர்
விலை அதிகமா குறைவா என்று பேசும் முன், கொட்டேஷனைப் பாருங்கள். விவரம் இல்லாத கொட்டேஷனில் எதைக் குறைக்கலாம் என்று பேசவே வழியில்லை. திட்டமிடல், ஆட்கள், கருவிகள், எடிட்டிங், இசை, திரையில் ஓடும் வசன எழுத்து, திருத்தங்கள் என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள்.

முதலில் ட்ரோன். கிங் ஷாகா விமான நிலையம் லா மெர்சியில் இருக்கிறது, உங்கள் டோங்காட்டுக்குப் பக்கத்திலேயே. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியின் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. காசுக்குப் பறக்கவிடுபவருக்குப் பைலட் உரிமமும், நிறுவனத்துக்கு ட்ரோன் இயக்கும் சான்றிதழும் வேண்டும். அவர்களிடம் அது இருக்கிறதா, அனுமதி வாங்கும் செலவு கொட்டேஷனுக்குள் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மசாலாக் கடைக் கூரையை மேலிருந்து காட்டுவதால் ஒரு பாக்கெட் கூட அதிகம் விற்காது என்பது என் கருத்து.

அடுத்தது வாட். அந்த வீடியோ நிறுவனம் வாட் பதிவு செய்ததா, அதன் எண் இன்வாய்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லாதவர் வாட் வசூலிக்க முடியாது. உங்கள் கடை பதிவு செய்திருந்தால் அந்த 9,000-ஐ உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கேட்கலாம். பதிவு இல்லை என்றால் உங்களுக்கு உண்மையான செலவு 69,000 தான்.

உரிமை விஷயம் பலருக்குத் தெரியாது. 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், பிரிவு 21-இன்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் காப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அது மாறிவிடும். அதனால் சிறிய எழுத்தையும் படியுங்கள்.

டர்பன் கேமரா
ட்ரோன் விஷயத்தில் ஒத்துப்போகிறேன், எடுத்துவிடுங்கள். உரிமையில் ஒரு திருத்தம். முடிந்த படத்தின் காப்புரிமை உங்களுடையது என்பதால், வெட்டாத முழுக் காட்சிகளையும் ஹார்டு டிஸ்க்கில் போட்டுத் தர வேண்டும் என்று தானாக ஆகிவிடாது. வேண்டும் என்றால் அதையும் முன்பே விலை பேசி எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கேட்டால் சண்டைதான் வரும்.

நான் செய்வதாக இருந்தால் ஒரு நாள் படப்பிடிப்பு போதும். திட்டமிடல் 4,000. இரண்டு ஆள், கருவிகள் 14,000. எடிட்டிங், நிறம், சத்தம் 10,000. உரிமம் வாங்கிய இசை 1,500. வசன எழுத்தோடு செங்குத்தான ஆறு குட்டி வீடியோக்கள் 4,500. மொத்தம் 34,000. வாட் சேர்த்தால் 39,100. இரண்டு நிமிடப் படம் ஒன்றை மட்டும் வாங்குவதைவிட, அதே நாளில் எடுத்த காட்சியிலிருந்து ஆறு குட்டி வீடியோக்கள் கிடைப்பது உங்களுக்குப் பல மாதம் உழைக்கும்.

சாட்ஸ்வொர்த் அக்கா
இப்போதுதான் காதில் ஏறும்படி பேசுகிறீர்கள். இசைக்கு எதற்கு 1,500? சினிமாப் பாட்டைப் போட்டால் ஆகாதா?

பீனிக்ஸ் கணக்கர்
ஆகாது அக்கா. விளம்பரத்துக்குப் படப்பாட்டைப் பயன்படுத்தப் பாட்டின் உரிமையாளரிடமும் ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் தனித்தனியாக அனுமதி வேண்டும். இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் வியாபாரக் கணக்குகளுக்கு என்று தனி இசைத் தொகுப்பு வைத்திருப்பது இதனால்தான். காசு கொடுத்து விளம்பரம் ஓடும் நேரத்தில் சத்தம் முடக்கப்பட்டால் நஷ்டம் கடைக்கு.

டோங்காட் மசாலா
எல்லோருக்கும் நன்றி. ட்ரோன் இல்லாமல், ஒரு நாள் மட்டும், தனித்தனியாகப் பிரித்துப் புது கொட்டேஷன் கேட்டு அவர்களுக்கு எழுதிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: திருத்தம் எத்தனை முறை கேட்கலாம்?

டர்பன் கேமரா
பொதுவாக இரண்டு முறை விலைக்குள் இருக்கும், மூன்றாவதிலிருந்து மணிக் கணக்கில் காசு. இங்கேதான் பட்ஜெட் ஓட்டை விழும். அப்பா ஒன்று சொல்லி, தங்கை ஒன்று சொல்லி, நீங்கள் வேறொன்று சொன்னால் இரண்டு முறை ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். மூவரும் சேர்ந்து பார்த்து ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். கடைசியாகச் சரி என்று சொல்லும் ஆள் ஒருவர்தான் என்று படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பணம் பாதி முன்னால், மீதி முடிந்த பிறகு. முழுதும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தேதியும் முக்கியம். அக்டோபரில் இங்கே மழை தொடங்கிவிடும். கடைக்கு வெளியே எடுக்க ஜூலை, ஆகஸ்டுதான் நல்லது. அந்த மாதத்தில் எடுத்தால் தீபாவளிக்கு எடிட்டிங் முடிக்கவும் நேரம் இருக்கும்.

சாட்ஸ்வொர்த் அக்கா
நான் இன்னும் என் பக்கத்திலேதான் நிற்கிறேன். 69,000-இல் 39,100 போனால் 29,900 மிச்சம். அதில் 20,000-ஐ விளம்பரத்துக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள், யார் கேட்டாலும் தொடாதீங்க. மீதி 9,900 எதிர்பாராத செலவுக்கு. அதற்கும் முன்னால் ஒரு மாதம் போனில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். எந்த மசாலாவைப் பற்றி ஆட்கள் அதிகம் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கேமராக்காரரை அழைத்தால், அவர் எதை எடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம்.

டர்பன் கேமரா
அந்த ஒரு மாத யோசனையை நானும் ஏற்கிறேன். ஆனால் போன் வீடியோவுக்கு ஆர்டர் வரவில்லை என்றால், வீடியோவே வேலை செய்யாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டதா என்று முதலில் பாருங்கள்.

டோங்காட் மசாலா
காலர் மைக்கை இன்றே ஆர்டர் போட்டுவிட்டேன். புது கொட்டேஷன் வந்ததும் அப்படியே இங்கே போடுகிறேன், ஒவ்வொரு வரியையும் பார்த்துச் சொல்லுங்கள்.