மறுமொழி: சுழற்சிக் கணிப்பு முறைக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

வியாசர்பாடியிலிருந்து:
அன்பர்களே, சனிக்கிழமை மாலை வகுப்பில் திண்பொருள் சுழற்சியைக் கணினியில் ஓட்டிக் காட்ட வேண்டும். எளிய ஆய்லர் முறையில், அதாவது ஒவ்வொரு சிறு காலப்படியிலும் அப்போதைய மாற்றத்தைக் கூட்டிக்கொண்டே போகும் முறையில், ஓட்டினால் திரையில் கனசதுரம் சுழலச் சுழலப் பருத்து, கோணி, கடைசியில் பெட்டி என்றே சொல்ல முடியாமல் போகிறது. பெட்டி எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைக் குறிக்கும் சுழற்சி அணியின் (3×3 எண் கட்டம்) ஒன்பது உறுப்புகளை, நீளமும் கோணமும் மாறாதிருக்க, ஆறு நிபந்தனைகள் கட்டி வைத்திருக்கின்றன. படிக்குப் படி கூட்டிக்கொண்டே போனால் அந்தக் கட்டு அறுந்துவிடுகிறது. கூட்டாமல், ஒரு சிறு சுழற்சியால் பெருக்கினால் அறுவதில்லை. இவ்வகை முறைகளுக்கு என்ன பெயர் வைக்கலாம்? பாடக்குறிப்பு வெள்ளி இரவு அச்சுக்குப் போகிறது.

ராயபுரத்திலிருந்து:
ஐயா, 'ஆற்றல் காப்பு முறை' போதுமே. என் வகுப்புப் பையன்களில் பலர் பகலில் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலைக்குப் போகிறவர்கள். பார்த்ததும் புரிய வேண்டும்.

வியாசர்பாடி:
போதாது அம்மா. மோட்டார் திருப்பு விசை கொடுக்கும்போது ஆற்றல் மாறத்தான் வேண்டும். செய்த வேலைக்குச் சரியாக மாறுகிறதா என்பதே கேள்வி. விசையே இல்லாவிட்டாலும் சிம்ப்ளெக்டிக் முறைகள் (இயக்கத்தின் வடிவியல் அமைப்பைக் காக்கும் கணிப்பு முறைகள்) ஆற்றலை அப்படியே வைப்பதில்லை. உண்மை மதிப்பை ஒட்டி ஊசலாட விடுகின்றன.

திருவொற்றியூரிலிருந்து:
'சிம்ப்ளெக்டிக்' 1939இல் ஹெர்மன் வெய்ல் கிரேக்கத்திலிருந்து எடுத்த சொல். பின்னிப் பிணைந்தது என்று பொருள். நம்மிடம் 'திரி' இருக்க ஏன் கடன்? பஞ்சை முறுக்கினால் திரி, சுழன்றால் திரிகை, கெட்டால் பால் திரிகிறது. 'நிலையின் திரியாது அடங்கியான்' என்கிறார் வள்ளுவர். பொருள் திரியட்டும், அமைப்பு திரியாது. ஆகவே 'திரியா முறை'. திரிபுரத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

பெரம்பூரிலிருந்து:
திரிகை வரை சரி ஐயா. திரிபுரத்தில் இருப்பது மூன்று என்னும் வடமொழித் 'திரி', அதை விட்டுவிடுங்கள். 'திரியா' என்றால் ஊர் சுற்றாத பிள்ளை என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள். 'கட்டுக்குலையா முறை' எனலாம். நிபந்தனைகளின் கட்டு என்ற பொருளும் வந்துவிடுகிறது.

ராயபுரம்:
உடற்பயிற்சிக்கூட விளம்பரம் போல இருக்கிறது. எதிர்ப்பில்லை, சிரித்தேன், அவ்வளவுதான்.

திருவொற்றியூர்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் 'கணிப்பு' வந்தால் ஒற்று மிகும்: 'கட்டுக்குலையாக் கணிப்பு'. அச்சில் விட்டுவிடாதீர்கள்.

வியாசர்பாடி:
'முறை' என்றே முடிக்கிறேன் ஐயா, ஒற்றுச் சிக்கல் இல்லை. பேசியவர்களில் பெரும்பாலோர் 'கட்டுக்குலையா' பக்கம். 'சிம்ப்ளெக்டிக்' தமிழ் எழுத்தில் அப்படியே போகிறது. கோப்பை அனுப்பிவிட்டேன்.

திருவொற்றியூர்:
அச்சிடுங்கள். என் வாக்கு 'திரியா'வுக்கே. திரிகை பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன்.