டொராண்டோவில் பிள்ளை சப்ளை செயின் படிக்கலாமா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நீளமான பதில்

மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. பையன் கிரேடு 12, அல்லது தங்கை மாணவர் விசாவில் வரப் பார்க்கிறாள், லாஜிஸ்டிக்ஸ் அன்ட் சப்ளை செயின், அதாவது பொருளை வாங்கி, சேமித்து, கடைவரை கொண்டுசேர்க்கும் வேலைக்கான படிப்பு, எடுக்கலாமா என்று. உடனே ஒருவர் "வேலை நிச்சயம், யோசிக்காமல் சேருங்கள்" என்பார். இன்னொருவர் "பெட்டி தூக்க எதற்குப் பணம் கட்டிப் படிக்கணும்?" என்பார். பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலிலும் உட்காருவேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சொல்வதெல்லாம் ஒன்டாரியோவுக்கு.

முதலில், இங்கே இந்த வேலை ஏன் இருக்கிறது? ஸ்கார்பரோ தமிழ்க் கடையில் நீங்கள் வாங்கும் புட்டு மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலோ தூத்துக்குடியிலோ கன்டெய்னரில் ஏறுகிறது. ஹாலிஃபாக்ஸ், மொன்றியல், வன்கூவர், பிரின்ஸ் ரூபர்ட் இவற்றில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கிருந்து ரயில். சிஎன் ரயில் நிறுவனம் என்றால் பிராம்ப்டன் நகர முனையம், சிபிகேசி ரயில் நிறுவனம் என்றால் வான் (Vaughan) நகர முனையம். அப்புறம் ட்ரக். ரயிலும் விமானமும் நெடுஞ்சாலைகளும் ஒரே வட்டாரத்தில் கூடுவதால்தான் பிராம்ப்டன், மிசிசாகா, கேலடன் பக்கம் எங்கே திரும்பினாலும் வேர்ஹவுஸ்.

இந்த வழியில் எங்காவது ஒரு இடத்தில் அடைத்துக்கொண்டால் எல்லாம் நிற்கும். 2023 ஜூலையில் பிரிட்டிஷ் கொலம்பியா துறைமுக வேலைநிறுத்தம். அதே ஆண்டுக் கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. 2024 ஆகஸ்ட் 22 அன்று இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களிலும் ஒரே நாளில் வேலை நின்றது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் கணினி முன் உட்கார்ந்து, எந்தச் சரக்கை எந்த வழியில் திருப்புவது, எந்த வாடிக்கையாளருக்கு முதலில் போன் போடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். இந்தப் படிப்பு உருவாக்கப் பார்ப்பது அந்த ஆளைத்தான்.

சரி, படித்தவர் எந்த மேசையில் உட்காருவார்? இதைக் கேட்காமலே பாதிப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். படிப்பின் பெயர் ஒன்றுதான், உள்ளே வேலை நாலு மாதிரி. பொருள் வாங்குவது ஒன்று. எவ்வளவு, எப்போது வாங்கவேண்டும் என்று திட்டமிடுவது இன்னொன்று. ட்ரக், கப்பல், விமானம் என்று போக்குவரத்தை நடத்துவது மூன்றாவது. சுங்கம் நாலாவது. பேரம் பேசப் பிடித்த பிள்ளை முதலாவதற்குப் போகலாம். கணக்கும் எக்செலும் பிடித்தால் இரண்டாவது. போன் ஓயாமல் அடித்தாலும் பதறாத பிள்ளை என்றால் மூன்றாவது.

நாலாவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், நம்மவர்கள் அதிகம் யோசிக்காத மேசை அது. நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுங்க எண் உண்டு. முதல் 6 இலக்கம் உலக நாடுகளுக்குப் பொது, கனடாவில் இறக்குமதிக்கு 10 இலக்கம். மஞ்சள் 0910-இல் வரும், அரிசி 1006-இல் வரும். அதே அரிசியை அரைத்து மாவாக்கிவிட்டால் 1102. எண் மாறினால் வரி மாறலாம், கேட்கும் தாள்கள் மாறலாம். உணவுப் பொருள் என்றால் கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் இறக்குமதி உரிமமும் பார்ப்பார்கள். பைக்கட்டில் தமிழில் எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் ஆங்கிலமும் பிரெஞ்சும் இல்லாமல் கடைக்குப் போக முடியாது. ஏதாவது ஒன்று இடித்தால் கன்டெய்னர் அங்கேயே கிடக்கும். இலவசமாகக் கிடக்கச் சில நாள்தான், அதற்குப் பிறகு நாள் வாடகை ஏறும். 2024 அக்டோபரில் எல்லைச் சேவை முகமையின் கார்ம் என்னும் இணைய வரி முறை வந்தபின், இறக்குமதி செய்பவர் தன் பெயரில் பதிய வேண்டும், சரக்கை முதலில் எடுத்து வரியைப் பிறகு கட்டுவதென்றால் பிணையும் தன் பெயரிலேயே காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. சின்னக் கடைக்காரர்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தமிழ் தெரிந்த, சுங்கம் தெரிந்த ஒருவர் எவ்வளவு தேவைப்படுவார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி எங்கே படிப்பது. நம் ஊரில் கல்லூரி என்றால் பட்டம். இங்கே காலேஜ் பெரும்பாலும் டிப்ளமோ, யூனிவர்சிட்டி தனி. காலேஜ் டிப்ளமோ இரண்டு அல்லது மூன்று வருஷம், நேராக வேலைக்குத் தயார்செய்யும். யூனிவர்சிட்டியில் பெரும்பாலும் இது தனிப் பட்டமாக இருக்காது. பிகாம், பிபிஏ என்று சேர்ந்து பிற்பாடு சப்ளை செயினைத் தேர்ந்தெடுப்பார்கள். வில்ஃப்ரிட் லோரியர் பிபிஏ அப்படித்தான். யார்க்கின் ஷூலிக்கில் இதற்கென்றே ஒரு முதுகலை இருக்கிறது. ஆக யூனிவர்சிட்டி போகிற பிள்ளை 17 வயதிலேயே முடிவெடுக்க வேண்டியதில்லை. பிசினஸில் சேரட்டும், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவெடுக்க வேண்டியது கணக்குப் பாடத்தில். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு, மொழி சிரமம் என்று சொல்லி, சில சமயம் சுலபமான கணக்கைப் போட்டுவிடுவார்கள். பாடக் குறியீடு 'சி' என்று முடிந்தால் அது காலேஜுக்கான பாடம், 'யு' என்றால் யூனிவர்சிட்டிக்கு. கிரேடு 12 கணக்கையும் ஆங்கிலத்தையும் 'சி'-யில் முடித்தால் யூனிவர்சிட்டி பிசினஸ் கதவு அடைபட்ட மாதிரிதான். அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், டேட்டா மேனேஜ்மென்ட் என்னும் 'யு' கணக்குப் பாடங்கள் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். டேட்டா மேனேஜ்மென்ட் இந்தத் துறைக்கு நேரடியாகவே உதவும். பாட அட்டவணை வந்த அன்றே கைடன்ஸ் கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள், பெற்றோர் கேட்டால் மாற்றித் தர வாய்ப்புண்டு.

விண்ணப்பம் போடும்போது கோ-ஆப் (படிப்பின் நடுவே ஒரு தவணை நிறுவனத்தில் வேலை பார்ப்பது) உள்ள பிரிவாகப் பார்த்துப் போடுங்கள். என்னைக் கேட்டால் காலேஜின் பெயரைவிட இதுதான் பெரிசு. எங்களிடம் வரும் விண்ணப்பங்களில், ஒரு கோ-ஆப் தவணை எங்காவது உட்கார்ந்து வேலை பார்த்த பிள்ளையின் தாள் தனியாகத் தெரியும். நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி சின்னது: ஒரு நாளைக்கு 40 பெட்டி விற்கிறது, ஆர்டர் போட்டால் சரக்கு வர 50 நாள், கையில் 1,800 பெட்டி, எப்போது ஆர்டர் போடுவாய்? ஏட்டுப் படிப்பு மட்டும் படித்த பிள்ளை பாதுகாப்பு இருப்புக்கு (அவசரத்துக்கென்று கூடுதலாக வைத்திருக்கும் சரக்கு) வரையறை சொல்லும். வேலை பார்த்த பிள்ளை, "ஐயோ, ஏற்கனவே லேட், 45 நாளில் காலியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சத்தை விமானத்தில் எடுக்க முடியுமா என்று என்னையே திருப்பிக் கேட்கும்.

2024-க்குப் பிறகு வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை குறைந்ததில் ஒன்டாரியோ காலேஜ்கள் நிறையப் பிரிவுகளை நிறுத்திவைத்திருக்கின்றன. போன வருஷம் படித்தவர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் சேரும் வருஷத்துக்குச் சேர்க்கை நடக்கிறதா என்று காலேஜிலேயே கேளுங்கள். பிளாசா மாடியில் ஆறு மாத டிப்ளமோ தருகிறோம் என்று ஆள்பிடிப்பவர்களிடம் மாட்டாதீர்கள்.

பிஆர் (நிரந்தர வதிவிடம்), பாதுகாக்கப்பட்டவர் (அகதியாக ஏற்கப்பட்டவர்) தகுதி உள்ளவர்கள் ஒன்டாரியோவில் 12 மாதம் வசித்திருந்தால் ஓசாப் என்னும் மாகாண அரசின் படிப்புப் பண உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

மாணவர் விசாவில் வரும் தம்பி தங்கைகள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள், காலேஜ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை அனுமதி கேட்டால், அந்தப் படிப்பு குடிவரவுத் துறையின் பட்டியலில் உள்ள பிரிவாக இருக்க வேண்டும். யூனிவர்சிட்டி இளங்கலை, முதுகலைப் பட்டங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பட்டியல் அவ்வப்போது மாறுகிறது. ஏஜென்ட் வாயால் சொல்வதை விடுங்கள். படிப்பின் ஆறு இலக்க சிஐபி எண்ணைக் காலேஜிடம் எழுத்தில் வாங்கி, அரசு இணையதளத்தில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதைவிட அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் வேலை எண். ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்க என்ஓசி எண் உண்டு, அதில் இரண்டாவது இலக்கம்தான் டீயர், அதாவது வேலையின் தரநிலை. கனடிய அனுபவ வகுப்பில் பிஆர் கேட்க 0 முதல் 3 வரையிலான டீயரில் ஒரு வருஷ வேலை வேண்டும். டிஸ்பாச்சர் (வண்டிகளை அனுப்பிவைப்பவர்) 14404, ஷிப்பர் ரிசீவர் (வரும் போகும் சரக்கைச் சரிபார்ப்பவர்) 14400, இரண்டும் டீயர் 4. வருஷக்கணக்கில் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது. லாஜிஸ்டிக்ஸ் கோஆர்டினேட்டர் 13201, சுங்கத் தரகர் 13200, கொள்முதல் அதிகாரி 12102, இவை ஏறும். பதவியின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை, உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். எனவே வேலைக் கடிதத்தில் உங்கள் பொறுப்புகளை விவரமாக எழுதி வாங்குங்கள். முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலையும் கோ-ஆப்பும் இந்த ஒரு வருஷத்தில் சேராது.

இந்தப் பதிவின் கீழே வந்த கேள்விகளுக்குப் பதில்.

வேர்ஹவுஸில் பகுதிநேர வேலை செய்தால் மதிப்புக் குறையுமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குறையாது. ஸ்கேனரைக் கையில் பிடித்து, எண்ணிக்கையில் 12 பெட்டி குறைவது எப்படி என்று தேடிப் பார்த்தவனுக்கு, பின்னால் மேசையில் உட்காரும்போது திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். ஆனால் கையில் காசு தருகிறேன், பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) கிடையாது என்னும் ஏஜென்சிப் பக்கம் போகவேண்டாம். வெளிநாட்டு மாணவர் என்றால் படிப்பு நடக்கும்போது வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஊரில் பிகாம் முடித்து, பத்து வருஷம் அலுவலகத்தில் இருந்த அக்கா ஒருவர், முதலிலிருந்து டிப்ளமோ படிக்க வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் அக்கா. சரக்கு அனுப்பும் துறைக்கு அந்தத் துறைச் சங்கமான சிஃபாவின் சான்றிதழ், சுங்கத்துக்குச் சுங்கத் தரகர் சங்கத்தின் சிசிஎஸ் சான்றிதழ், திட்டமிடலுக்கு சிபிஐஎம் (CPIM) சான்றிதழ், இவற்றில் ஒன்றை வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். கனடாவில் முதல் வேலை சின்னதாகத்தான் கிடைக்கும், டேட்டா என்ட்ரி என்றாலும் ஒரு சரக்கு அலுவலகத்துக்குள் கால் வைத்துவிடுங்கள்.

சம்பளம் எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அரசின் ஜாப் பேங்க் தளத்தில் மேலே சொன்ன என்ஓசி எண்ணைப் போட்டால் டொராண்டோ வட்டாரத்துக்கே மணிக்கணக்குச் சம்பளம் காட்டும். முகநூலில் எவரோ சொன்னதைவிட அது மேல்.

மகளுக்கு இராப்பணி இருக்குமா என்பது கடைசிக் கேள்வி. கொள்முதல், திட்டமிடல் இரண்டும் பெரும்பாலும் பகல்தான். சுங்கத்திலும் டிஸ்பாச்சிலும் 24 மணி நேரமும் ஆள் வேண்டும், புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் இரவு விழும். அதைவிடப் பிரச்சினை வண்டி. போல்டன் பக்கம் இரவு 11 மணிக்கு ஷிப்ட் முடிந்தால் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. கிரேடு 12-இலேயே ஜி1 என்னும் முதல்படி ஓட்டுநர் தேர்வை எழுதவைத்து, ஓட்டுநர் பயிற்சியிலும் சேர்த்துவிடுங்கள். பயிற்சி முடித்தால் 12 மாதத்துக்குப் பதில் 8 மாதத்தில் அடுத்த படியான ஜி2 உரிமத்துக்கு வண்டி ஓட்டிக்காட்டும் சோதனைக்குப் போகலாம், முதல் கோ-ஆப் வருவதற்குள் கையில் உரிமம் இருக்கும்.